நகர மண்டபத்தின் சாவி யார் கையில்? கலை மண்டபங்கள் தனியாரிடம் போவதைத் தடுக்க மலையக ஊர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"மண்டபத்தை விற்கவில்லை, முகாமைத்துவத்தை மட்டும்தான் கொடுக்கிறோம்." உங்கள் நகர சபையிலிருந்தோ மாநகர சபையிலிருந்தோ இந்த வாக்கியம் காதில் விழுந்த நாளிலேயே வேலையைத் தொடங்கிவிடுங்கள். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு தொடங்கினால் அதே வேலை பத்து மடங்கு கடினமாகும்.

இலங்கையின் மலையகத்தில் இருப்பவர்களுக்கு இந்த வாக்கியம் பழையது. 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுக்கு வந்தன. 1992இல் அவற்றின் முகாமைத்துவம் மட்டும் 22 பிராந்தியக் கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. ஐந்தாண்டு ஒப்பந்தம் என்றுதான் தொடக்கத்தில் சொன்னார்கள். சில ஆண்டுகளிலேயே அது 53 ஆண்டுக் குத்தகையாக மாறியது. காகிதத்தில் நிலம் இன்றும் அரசுடையது. ஆனால் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீட்டுக்கு) முன்னால் ஒரு கொட்டகை போடுவதற்குக்கூட யாரிடம் போய் நிற்கிறோம் என்பதை எண்ணிப் பாருங்கள். மண்டபத்திலும் இதேதான் நடக்கும். காணி உறுதிப் பத்திரத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்பதைவிட, சாவியும் முற்பதிவு ஏடும் யாருடைய மேசையில் இருக்கின்றன என்பதே பெரிய கேள்வி. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த இரண்டு பொருட்களைச் சுற்றியே நகர்கிறது.

முதலில்: எதைக் கொடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

'தனியார்மயம்' என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு ஏற்பாடுகள் இருக்கின்றன. துப்புரவையும் காவலையும் ஒரு நிறுவனத்திடம் கொடுப்பது ஒரு வகை. சிற்றுண்டிச்சாலையை ஆண்டுக் குத்தகைக்கு விடுவது இன்னொரு வகை. இவற்றை எதிர்க்க வேண்டியதில்லை, எதிர்த்தால் நம் பக்கம்தான் பலவீனமாகும். மண்டபத்தை யாருக்கு, எந்த நாளில், என்ன கட்டணத்துக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரம் கைமாறுகிறதா என்று மட்டும் பாருங்கள். அது கைமாறினால், ஒப்பந்தத்தின் தலைப்பு முகாமைத்துவ உடன்படிக்கையானாலும் குத்தகையானாலும் அரச–தனியார் பங்குடைமையானாலும் விளைவு ஒன்றுதான்.

அடுத்து, கூரை யார் பொறுப்பு என்று கேளுங்கள். மஸ்கெலியா, ஹட்டன், கினிகத்தேனைப் பக்கங்களில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் எந்தப் பழைய மண்டபக் கூரையும் ஒழுகும். கூரை மாற்றுவது பெரிய மூலதனச் செலவு. மூன்று ஆண்டு ஒப்பந்தக்காரர் எவரும் அதைத் தம் பணத்தில் செய்யமாட்டார். கூரையும் சுவரும் மின்னிணைப்பும் சபையின் பொறுப்பாகவே இருக்க, கட்டண வருமானம் மட்டும் தனியாருக்குப் போகிறது என்றால், சபை சுமையை வைத்துக்கொண்டு வரவைக் கொடுத்துவிட்டது என்று பொருள். இந்த ஒரு கேள்வியால் ஒரு கூட்டத்தின் போக்கே மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

தகவலறியும் உரிமை: எல்லாவற்றுக்கும் முன்னதாக இந்தக் கடிதம்

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் நம்மிடம் இருக்கும் மிகக் கூர்மையான கருவி. உள்ளூராட்சி சபைகள் அனைத்தும் அதற்குக் கட்டுப்பட்டவை. நாட்டின் எந்தப் பிரஜையும் கேட்கலாம், எதற்காகக் கேட்கிறோம் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுதத் தெரியாத ஒருவர் வாய்மொழியாகக் கேட்டாலும் தகவல் அலுவலர் அதை எழுத்தில் பதிந்துகொள்ள வேண்டும். கோரிக்கையைக் கொடுத்தவுடன் பெற்றுக்கொண்டதற்கான எழுத்து மூல அத்தாட்சியை வாங்கிக்கொள்ளுங்கள். நாள் எண்ணுவது அதிலிருந்துதான்.

கடிதத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் அரச நிர்வாகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளவும் பதில் பெறவும் உரிமை தருகிறது. சிங்களத்தில் மட்டும் பதில் வந்தால் பேசாமல் இருந்துவிடாதீர்கள். மொழிபெயர்ப்புக் கோரி இன்னொரு கடிதம் எழுதுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம்.

என்ன கேட்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். "மண்டபத்தைத் தனியாருக்குக் கொடுக்கிறீர்களா?" என்று கேட்டால் "இல்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். கடிதம் ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

"நகர மண்டபத்தின் முகாமைத்துவம், குத்தகை அல்லது பராமரிப்பு தொடர்பாகக் கடந்த மூன்று ஆண்டுகளில் சபை எடுத்த தீர்மானங்களின் பிரதிகளும் அந்தக் கூட்டங்களின் குறிப்புகளும், விலைமனுக் கோரல் அறிவித்தல், மதிப்பீட்டுக் குழுவின் அறிக்கை, உடன்படிக்கை அல்லது அதன் வரைவு, அரச விலைமதிப்புத் திணைக்களத்திடம் மதிப்பீடு பெறப்பட்டிருந்தால் அதன் பிரதி, கடந்த ஐந்து ஆண்டுகளில் மண்டபத்தின் வருமானம், செலவு, முற்பதிவு ஏட்டின் பக்கங்கள், மண்டபம் அமைந்துள்ள காணியின் உறுதி அல்லது ஒப்படைப்புப் பத்திரம், கட்டடத்துக்கான நிதி எங்கிருந்து வந்தது, எந்த நோக்கத்துக்காக வந்தது என்பதைக் காட்டும் ஆவணங்கள், மண்டபம் குறித்த கணக்காய்வு வினாக்களும் சபையின் பதில்களும்."

இவற்றில் கடைசி மூன்றையும் விட்டுவிடாதீர்கள். மலையகத்தில் மண்டபக் காணியின் கதை ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு விதம்: தோட்டத்திலிருந்து பிரித்துக் கொடுத்தது, அரச காணி, யாரோ நன்கொடையாக எழுதிவைத்தது. நன்கொடை உறுதியில் 'பொதுமக்களின் கலை, கலாசாரப் பயன்பாட்டுக்காக' என்று ஒரு வரி இருந்தால், அது உங்கள் மொத்த வாதத்தையும் தாங்கும். சபையில் காணி ஆவணம் இல்லை என்று பதில் வந்தால் காணிப் பதிவகத்தில் தேடுங்கள்.

தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால், 14 நாட்களுக்குள் அதே சபையின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம். அவர் மூன்று வாரங்களுக்குள் பதில் தர வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் இரண்டு மாதங்களுக்குள் கொழும்பிலுள்ள தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெரும்பாலும் வரும் மறுப்பு 'வர்த்தக இரகசியம்' என்பதாகவே இருக்கும். அதற்குப் பதில் சட்டத்தின் 5ஆம் பிரிவிலேயே இருக்கிறது. வெளியிடுவதால் வரும் தீங்கைவிடப் பொதுநலன் பெரிது என்றால் தகவலைத் தர வேண்டும். பொதுச் சொத்தின் ஒப்பந்த விலையில் பொதுநலன் இல்லை என்று வாதிடுவது எவருக்கும் கடினம்.

திகதிகளையும் கவனியுங்கள். 2018இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகச் செயலாளர்களும் ஆணையாளர்களுமே சபைகளை நடத்தினார்கள். உங்கள் மண்டபம் பற்றிய முடிவு அந்தக் காலத்துக்குரியது என்றால், அதை யார், எந்த அதிகாரத்தின் கீழ் எடுத்தார் என்பதைத் தனியாகக் கேளுங்கள். மக்கள் தெரிவு செய்த உறுப்பினர் ஒருவர்கூட வாக்களிக்காத முடிவை இன்றைய சபை மீளாய்வு செய்யச் சொல்வது நியாயமான கோரிக்கை.

முற்பதிவு ஏட்டைப் படியுங்கள்

பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகளாக நாடகம் பழக்கி வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்: மண்டபச் சண்டையின் மையம் ஞாயிற்றுக்கிழமை.

தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குச் சனிக்கிழமையும் பேர் போடும் (வேலைக்கு வரவு பதியும்) நாள்தான். குடும்பத்தோடு டவுனுக்கு வந்து ஒரு கூத்தையோ நாடகத்தையோ மகளின் நடனத்தையோ பார்க்க அவர்களுக்குக் கிடைப்பது ஞாயிறும் போயா தினமும் (பௌர்ணமி விடுமுறை) தான். ஆண்டுக்கு 52 ஞாயிறு, 12 அல்லது 13 போயா. மாலை நிகழ்ச்சியும் சரிவராது, தோட்டத்து டிவிஷனுக்குப் போகும் கடைசி பஸ் இருட்டுவதற்குள் போய்விடும். ஆக, ஞாயிறு காலை ஒன்பது மணியிலிருந்து மாலை நான்கு மணி வரைதான் நம் மக்களுக்கு அந்த மண்டபம் உண்மையில் இருக்கிறது. முகூர்த்தங்களும் பெரும்பாலும் அதே ஞாயிறுகளில்தான் விழுகின்றன.

தனியார் ஒருவர் சபைக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை கட்ட வேண்டும் என்றால் அவர் என்ன செய்வார்? திருமண வீட்டார் ஓராண்டுக்கு முன்பே முற்பணம் கட்டி நாளைப் பிடிக்கிறார்கள். பாடசாலைக்குத் தமிழ்மொழித் தினப் போட்டியின் திகதி சில வாரங்களுக்கு முன்னர்தான் தெரியும். 'முதலில் வருபவருக்கு முதலிடம்' என்ற ஒரு விதி போதும். கட்டணத்தை ஒரு ரூபாயும் உயர்த்தாமலே கலைஞர்கள் வெளியே தள்ளப்படுவார்கள். மண்டபத்தை எடுத்தவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கணக்கு அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தும்.

பிறகு மண்டபத்தின் உடம்பே மாறும். மேடை மணவறையாகும். பக்கத்திரைகள் இடைஞ்சல் என்று கழற்றப்படும். ஒப்பனை அறை நாற்காலி அடுக்கும் களஞ்சியமாகும். எனக்குத் தெரிந்த ஓர் ஊரில் இது நடந்தது. பிள்ளைகள் அர்ஜுனன் வேடத்துக்கு முகத்தில் அரிதாரம் பூசியது கழிப்பறை வாசலில். அந்தக் காட்சி இன்னும் என் கண்ணை விட்டு அகலவில்லை.

ஆகவே ஏட்டின் பிரதி கிடைத்ததும் உட்கார்ந்து எண்ணுங்கள். ஐந்து ஆண்டுகளின் ஒவ்வொரு ஞாயிறும் போயாவும் யாருக்குப் போயின? பாடசாலை, நடன அரங்கேற்றம், நாடகம், இலக்கியக் கூட்டம், கட்சிக் கூட்டம், திருமணம், வியாபாரக் கண்காட்சி என்று பிரித்து ஒரு தாளில் அட்டவணை போடுங்கள். எத்தனை நிகழ்ச்சிகள் தமிழில், எத்தனை சிங்களத்தில் என்பதையும் குறியுங்கள். ஏடு சரியாக எழுதப்படவில்லை என்றால் பாடசாலைகளின் நிகழ்வுப் பதிவுகள், பழைய அழைப்பிதழ்கள், நடன ஆசிரியைகளின் புகைப்படங்கள் ஆகியவற்றிலிருந்து நீங்களே தொகுக்கலாம். இந்த அட்டவணையைக் கையில் வைத்திருப்பவரோடு பேசும்போது சபை உறுப்பினரின் குரல் மாறிவிடும்.

"மலையகக் கூத்துக்கு மண்டபம் எதற்கு, அது பொட்டலில் ஆடுவதுதானே?" என்று ஒரு கேள்வி வரும். காமன் கூத்து பொட்டலில்தான் ஆடப்பட வேண்டும். மாசியில் கம்பம் நட்டு, தப்புப் பறையின் சத்தத்தில் விடியவிடிய ஆடுவது தோட்டத்தின் மண்ணுக்குரியது. மண்டபம் அதற்கு மாற்று ஆகாது. ஆனால் பொன்னர் சங்கரையும் அர்ஜுனன் தபசையும் அடுத்த தோட்டத்துப் பிள்ளைகளும் டவுன் மக்களும் பார்க்க வேண்டாமா? மழை பெய்யும் ஐந்து மாதங்களில் ஒத்திகை எங்கே நடக்கும்? தப்புக் கலைஞர் ஒருவர் ஒலிபெருக்கியும் விளக்கும் உள்ள மேடையில் மரியாதையோடு நிற்பதற்கு ஊரில் ஓரிடம் வேண்டும். தோட்டத்துக்குள் பிரதேச சபையின் பணத்தைத் தடையின்றிச் செலவிடவே 2018இல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்த சமூகம் நாம். பொதுப் பணத்தில் எழுந்த மண்டபம் டவுனில் ஒன்று இருக்கிறதென்றால், அதில் தோட்டத்துப் பங்கும் இருக்கிறது.

மாற்றுத் திட்டம் இல்லாமல் சபைக்குப் போகாதீர்கள்

சபையின் சிரமம் பொய்யானது என்று நான் நினைக்கவில்லை. மின் கட்டணம் ஏறிவிட்டது, காவலாளிக்கு ஆளில்லை, ஒலிக் கருவி பழுது, கட்டணம் கட்டாமல் இலவசமாகக் கேட்கும் அரசியல்வாதிகள் வேறு. "தனியாருக்குக் கொடுக்காதே" என்று மட்டும் சொன்னால், "அப்படியானால் நீங்கள் நடத்துங்கள்" என்ற பதில் வரும். அந்தப் பதிலுக்குத் தயாராகப் போங்கள்.

மண்டபத்தின் உரிமையும் முற்பதிவும் சபையிடமே இருக்க வேண்டும். அதற்கு ஒரு முகாமைக் குழுவை அமைக்கச் சொல்லுங்கள். சபையின் பிரதிநிதிகள், கல்வி வலயத்திலிருந்து ஒருவர், பிரதேச செயலகத்தின் கலாசார உத்தியோகத்தர், நடன–இசை ஆசிரியர்களிலிருந்தும் நாடகக்காரர்களிலிருந்தும் தோட்டக் கலைக் குழுக்களிலிருந்தும் தலா ஒருவர், சிங்களக் கலைஞர் ஒருவர், முஸ்லிம் சமூகத்திலிருந்து ஒருவர். மாதத்தில் இரண்டு ஞாயிறுகளும் எல்லாப் போயாக்களும் கலைக்கென ஒதுக்கப்பட வேண்டும். ஆறு வாரங்களுக்கு முன்புவரை எவரும் கேட்காவிட்டால் மட்டும் அந்த நாளைத் திருமணத்துக்கு விடலாம். கட்டணம் இரண்டு அடுக்கு: திருமணத்துக்கும் வியாபாரத்துக்கும் சந்தைக் கட்டணம், பாடசாலைக்கும் கலைக் குழுவுக்கும் மின் கட்டணத்தை ஈடுசெய்யும் அளவு. தனியார் செய்வதாகச் சொல்லும் வருமானப் பெருக்கத்தைச் சபையே செய்யலாம், இலாபம் வெளியே போகாது. அரசியல் கூட்டங்களுக்கு இலவசம் கிடையாது என்று எழுத்தில் வையுங்கள். உங்கள் ஏட்டுக் கணக்கை வைத்து இந்த ஏற்பாட்டில் ஆண்டு வரவு எவ்வளவு வரும் என்று ஒரு பக்கத்தில் காட்டுங்கள். வங்கியில் வேலை செய்யும் ஒருவரோ கணக்கியல் ஆசிரியர் ஒருவரோ ஊரில் இல்லாமலா போய்விடுவார்?

முன்னுதாரணம் கேட்டால் சொல்ல இருக்கிறது. கொழும்பின் லயனல் வென்ட் அரங்கு 1953 முதல் நாடகங்கள் மேடையேறும் இடம். அதை நடத்துவது இலாபம் தேடாத ஒரு நினைவு நிதியம். யாழ்ப்பாணத்தில் இந்திய உதவியுடன் எழுந்த கலாசார மையம் 2023 பெப்ரவரியில் கையளிக்கப்பட்டபோது, கட்டுவதைவிட இயக்குவது பெரிய கேள்வி என்பதை நாடே பார்த்தது. இயக்கும் செலவுக்குத் தெளிவான வழி சொல்லாத மண்டபம் எதுவும் யாராவது ஒருவர் கையில் போய் விழும்.

ஆட்களைத் திரட்டுதல்

பத்துப் பேர் போதும், ஆனால் பத்தும் வேறு வேறு இடத்திலிருந்து வர வேண்டும். அதிபர் ஒருவர், அரங்கேற்றம் நடத்தும் நடன ஆசிரியை, தப்புக் கலைஞர், தோட்டத் தலைவர்களில் ஒருவர், கோயில் பரிபாலன சபையில் ஒருவர், சிங்கள நாடக ஆசிரியர், பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவர். மண்டபத்தின் காவலாளியையும் துப்புரவுப் பணியாளரையும் முதலிலேயே போய்ப் பாருங்கள். வேலை போய்விடுமோ என்று எல்லோருக்கும் முன்னால் அஞ்சுகிறவர்கள் அவர்கள்தான். எந்த மழையில் எந்த மூலை ஒழுகும் என்று தெரிந்தவர்களும் அவர்கள்தான்.

தொழிற்சங்கங்கள் அனைத்திடமும் போங்கள், எதன் கொடியின் கீழும் நிற்காதீர்கள். மலையகத்தில் ஒரு சங்கத்தின் பெயர் ஒட்டிக்கொண்டால் மற்றச் சங்கத்து உறுப்பினர்கள் சபையில் எதிர்த்து வாக்களிப்பார்கள், விஷயம் என்னவென்றே பார்க்காமல். மனுவைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே தாளில் அச்சிடுங்கள். கையெழுத்தோடு தோட்டத்தின் அல்லது வீதியின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள்.

வெளியில் ஒரு நிகழ்ச்சி செய்வதென்றால் மண்டப வாசலிலேயே லாவணி பாடலாம். காமன் கூத்து வழக்கில் காமன் எரிந்தானா இல்லையா என்று 'எரிந்த கட்சி, எரியாத கட்சி' என இரு பக்கம் நின்று வாதம் செய்வது நமக்குப் பழக்கமானதுதானே. 'கொடுத்த கட்சி, கொடாத கட்சி' என்று தப்பும் கேள்வியும் பதிலுமாக நடத்தினால், கூட்டத்தில் பேசும் ஒரு மணி நேரத்தைவிட அதிகம் மனதில் பதியும். ஊர்வலமாகப் போவதென்றால் குறைந்தது ஆறு மணி நேரத்துக்கு முன்னர் பொலிஸ் நிலையத்துக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஒலிபெருக்கிக்கு அனுமதி வேறு. இரண்டின் பிரதிகளையும் சட்டைப்பையில் வைத்திருங்கள்.

சபைக்குள்

மாதாந்தப் பொதுக் கூட்டத்தின் திகதியை அறிந்து, ஆளும் தரப்பில் ஒருவரும் எதிர்த்தரப்பில் ஒருவரும் சேர்ந்து பிரேரணை கொண்டுவரும்படி பேசுங்கள். பிரேரணையின் வாசகத்தை நீங்களே எழுதிக்கொடுங்கள். "எதிர்க்கிறோம்" என்று முடியும் பிரேரணைக்குச் செயல் இல்லை. "முகாமைத்துவத்தைக் கையளிக்கும் நடவடிக்கையை இடைநிறுத்தி, முகாமைக் குழுவின் மாற்றுத் திட்டத்தை 60 நாட்களுக்குள் பரிசீலிக்க வேண்டும்" என்று முடியட்டும். ஆண்டு இறுதியில் வரவு செலவுத் திட்டம் தயாராகும்போது மண்டபத்துக்கென ஒரு தனித் தலைப்பைக் கேளுங்கள். அந்தத் தலைப்பு இல்லாத சபை அடுத்த ஆண்டும் "பணமில்லை" என்றே சொல்லும்.

மேலே யாரிடம் போவது? மாவட்டத்தின் உள்ளூராட்சி உதவி ஆணையாளர், மாகாண உள்ளூராட்சி ஆணையாளர், ஆளுநர். மத்திய மாகாண சபையின் காலம் 2018இலும் ஊவாவினது 2019இலும் முடிந்தபின் மாகாணத் தேர்தல் நடக்காததால், மாகாண மட்டத்தில் அரசியல் முடிவு ஆளுநரிடமே இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் அதே ஒரு பக்கக் கடிதம், அதே அட்டவணை, பதிவுத் தபாலில்.

நீதிமன்றம்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், மீதியைச் சட்டத்தரணி சொல்ல வேண்டும். விலைமனு முறையாகக் கோரப்படவில்லை, அதிகாரமில்லாதவர் முடிவெடுத்தார் என்பன போன்ற குறைகளுக்கு ரிட் மனு (அதிகாரிகளின் முடிவை மீளாய்வு செய்ய நீதிமன்றத்தைக் கோரும் மனு) உண்டு. உள்ளூராட்சி மாகாணப் பட்டியலில் உள்ளதால் மாகாண மேல் நீதிமன்றத்துக்கும் அந்த அதிகாரம் இருக்கிறது. கொழும்புக்கு அலைய வேண்டியது கட்டாயமில்லை. சமத்துவம் மீறப்பட்டது என்றோ, 14ஆம் உறுப்புரை தரும் கலாசாரத்தை அனுபவிக்கும், மேம்படுத்தும் சுதந்திரம் மீறப்பட்டது என்றோ உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்யக் கிடைப்பது ஒரே மாதம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அதில் கணக்கிடப்படாது. திகதி தவறினால் நல்ல வழக்கும் வாசலிலேயே திரும்பிவிடும். முடிவு தெரியவந்த நாளை எழுதிவைத்துக்கொண்டு, அதே வாரத்தில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அருகிலுள்ள அலுவலகத்துக்குப் போங்கள்.

ஏற்கெனவே கையெழுத்தாகிவிட்டதா?

அப்போதும் வேலை இருக்கிறது. உடன்படிக்கையின் பிரதியை வாங்கி, ஒதுக்கப்பட்ட கலை நாட்கள், கட்டண உச்சவரம்பு, உப குத்தகைத் தடை, மேடை அமைப்பை மாற்றத் தடை, இரு மொழியிலும் விண்ணப்பம், கணக்காய்வு, முன்கூட்டியே முடிவுறுத்தும் வாசகம் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாதவற்றைத் திருத்த உடன்படிக்கையாகச் சேர்க்கும்படி சபையிடம் கேளுங்கள். இருப்பவை மீறப்படும்போது ஒவ்வொரு மீறலையும் திகதியோடு பதியுங்கள்: விண்ணப்பம் கொடுத்த நாள், மறுத்த நாள், சொன்ன காரணம், அந்த ஞாயிறு கடைசியில் யாருக்குப் போனது. பாடசாலைகளும் நடன ஆசிரியைகளும் வாய்மொழியாகக் கேட்டுத் திரும்பாமல் எப்போதும் எழுத்தில் விண்ணப்பித்து, மறுப்பையும் எழுத்தில் வாங்கட்டும். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் திகதியை நாட்காட்டியில் குறித்து, அதற்கு ஆறு மாதம் முன்னர் இந்தப் பதிவுகளின் பிரதியை ஒவ்வொரு சபை உறுப்பினர் கையிலும் கொடுங்கள்.